முகம், எழுத்து, ஒரு மாடு: இசைத்தட்டு உறைகளைப் பற்றி

ஒரு மேசையில் இசைத்தட்டு உறைகளைப் பரப்பி, பெயர்களைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, எது ஜாஸ், எது மெட்டல், எது மேற்கத்தியச் செவ்வியல், எது ஹிப்-ஹாப் என்று கேட்டுப் பாருங்கள். அந்த இசையில் ஒரு நொடிகூடக் கேட்டிராதவரும் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார். கண்களை மூடியபடி கோலை உயர்த்தி நிற்கும் நரைத்த தலைக்காரர் என்றால் சிம்பொனி. வேரும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கும், எந்த மொழியென்றே பிடிபடாத எழுத்து என்றால் மெட்டல். நீலச் சாயம் ஏற்றிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம், சிகரெட் புகை, ஒரு சாக்சபோன் என்றால் சொல்லவே வேண்டாம்.

உறை இசையைக் கண்ணுக்குக் காட்டுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு சாக்சபோன் ஒலிக்கு நீல நிறம் எந்த விதத்தில் பொருந்தும் என்று யாராலும் விளக்க முடியாது. உறை செய்கிற வேலை வேறு. இது யாருக்கான இசை என்று அறிவிக்கிறது. மற்றவர்களை நாசூக்காகவோ முரட்டுத்தனமாகவோ விலக்கி நிறுத்துகிறது. அந்த அறிவிப்புக்கான குறிகள் எங்கிருந்து வந்தன என்று துருவிப் பார்த்தால், கலைஞனின் தரிசனம் கொஞ்சமாகவும், அச்சகத்தின் வசதிக் குறைவும் கடை அடுக்கின் அமைப்பும் முதலாளியின் பயமும் தாராளமாகவும் அகப்படுகின்றன.

1930களின் இறுதிவரை உறைக்கு முகமே இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிட இசைதான் அடங்கும். ஆகவே நீண்ட படைப்பைப் பல தட்டுகளாகப் பிரித்து, புகைப்பட ஆல்பத்தைப் போலத் தைத்த கனமான அட்டைக்குள் வைத்து விற்றார்கள். பழுப்போ சாம்பலோ நிறம், மேலே அச்செழுத்தில் பெயர், அவ்வளவுதான். தொழிலில் இருந்தவர்களே அவற்றைக் கல்லறைக் கற்கள் என்று கேலி பேசினார்கள். 1939-இல் கொலம்பியா நிறுவனத்தில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர், படம் போட்டால் விற்பனை கூடும் என்று மேலிடத்தில் வாதாடினார். ராட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல் தொகுப்புக்கு, நியூயார்க் நாடக அரங்கு ஒன்றின் விளக்குப் பலகையில் தொகுப்பின் பெயரையே ஏற்றச் செய்து, அதைப் படமெடுத்து உறையாக்கினார். 1948-இல் அதே நிறுவனம் எல்.பி. என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டை அறிமுகப்படுத்தியபோது, அதற்கான மெல்லிய அட்டை உறையை வடிவமைத்தவரும் அவர்தான். ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் சதுரம். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு எல்லா வகைமைகளுக்கும் அந்தச் சதுரம்தான் நிலம்.

அந்த நிலத்தில் முதல் சட்டத்தைப் போட்டது கடை. தட்டுகளைப் பெட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைத்தார்கள். வாங்க வந்தவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். கண்ணில் முதலில் படுவது மேல் விளிம்பு மட்டுமே. ஆகவே பெயர் மேலே இருக்க வேண்டும் என்பது எழுதாத விதியாயிற்று. பெட்டி போய்விட்டது. பெயர் இன்னும் பல உறைகளில் மேலேயேதான் இருக்கிறது.

ஜாஸுக்குத் தனி அடையாளம் கிடைத்த இடம் புளூ நோட் நிறுவனம். பெர்லினிலிருந்து வந்த பிரான்சிஸ் வுல்ஃப், ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே கலைஞர்களைப் படமெடுத்தார். 1950களின் நடுவிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேல் ரீட் மைல்ஸ் என்ற வடிவமைப்பாளர் அந்தப் படங்களை வெட்டினார், சரித்தார், ஓரத்துக்கு ஒதுக்கினார். ஏறத்தாழ 500 உறைகள். கையிருப்பு குறைவான நிறுவனம் என்பதால் முழு வண்ண அச்சு அடிக்கடி கட்டுப்படியாகவில்லை. கறுப்பு, கூட ஒரு நிறம். அதற்குள் வித்தை காட்ட வேண்டும். படத்தில் கிடைக்காத ஆட்டத்தை எழுத்தில் கொண்டுவந்தார். ஜாக்கி மெக்லீனின் ‘இட்ஸ் டைம்!’ உறையை நிறைத்திருப்பவை ஆச்சரியக்குறிகள். தட்டுக்குச் சொந்தக்காரரான கலைஞர் ஒரு மூலையில் சின்னப் படமாக ஒடுங்கியிருக்கிறார்.

மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடு கிடையாது என்பது இதில் எனக்குப் பிடித்த தகவல். அவர் விரும்பிக் கேட்டது செவ்வியல் இசை. ஒரு தட்டின் மனநிலை என்ன என்பதைப் பெரும்பாலும் நிறுவனர் ஆல்ஃபிரட் லயன் வாய்மொழியாகச் சொல்லத்தான் தெரிந்துகொண்டார். இன்றைக்கு உலகத்தில் எங்கே ஜாஸ் நிகழ்ச்சி நடந்தாலும் அதன் சுவரொட்டி அவர் உறைகளின் பேரப்பிள்ளைதான். கேட்காதவர் போட்ட கோடு, கேட்பவர்கள் அனைவருக்கும் அடையாளமாகிவிட்டது.

பிரேசிலிலும் இதே கதை நடந்தது. 1963-இல் அலோய்ஸியோ டி ஒலிவெய்ரா தொடங்கிய எலென்கோ நிறுவனத்துக்கு செசார் வில்லெலா செய்த உறைகளில் மூன்றே நிறங்கள்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு. இடைநிறங்கள் எல்லாம் எரிந்துபோன கடுமையான புகைப்படம், பக்கத்தில் சில சிவப்புப் புள்ளிகள். சிக்கனமும் இதற்கு ஒரு காரணம். பிறகு போஸா நோவா என்ற அந்தப் பிரேசிலிய இசை வகை என்றாலே நிதானம், வெற்றிடம், ஒரு சிவப்புப் புள்ளி என்று ஆகிவிட்டது. பணம் இருந்திருந்தால் ஒரு கடற்கரையைப் போட்டிருப்பார்களோ என்னவோ.

முதலாளியின் பயத்துக்கு வருகிறேன். 1957-இல் வெளிவந்த, கறுப்பின ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘மைல்ஸ் அஹெட்’ உறையில் முதலில் இருந்தது பாய்மரப் படகில் அமர்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். டேவிஸ் கடுமையாக ஆட்சேபித்தார். பின்னர் வந்த பதிப்புகளில் அவர் படம் இடம்பெற்றது. 1961-இல் வந்த ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’ உறையில் தன் மனைவி பிரான்செஸ் டெய்லரின் முகத்தைப் போடவைத்தார். எல்லோராலும் அப்படிப் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. 1965-இல் ஓட்டிஸ் ரெடிங்கின் ‘ஓட்டிஸ் புளூ’ பொன்னிறக் கூந்தல் கொண்ட ஒரு பெண்ணின் முகத்தோடு வந்தது. மறு ஆண்டு ஐஸ்லி பிரதர்ஸின் ஆல்பத்தில் கடற்கரையில் ஒரு வெள்ளை ஜோடி. கறுப்பினத்தவரின் குரலை வாங்குகிற வாடிக்கையாளர் அவர்களின் முகத்தை வாங்கமாட்டார் என்ற கணக்கு. பிற்காலத்தில் சோல், ஃபங்க், ஹிப்-ஹாப் உறைகளில் பாடகரின் முகம் சதுரம் முழுவதையும் ஆக்கிரமித்து நேராக நம்மைப் பார்ப்பதை வெறும் தற்பெருமை என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

செவ்வியல் இசையில் வேறு சிக்கல். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை நூறு குழுக்கள் பதிவு செய்திருக்கின்றன. சரக்கு ஒன்றே; வேறுபாடு வாசித்தவரில்தான். ஆகவே டாய்ச் கிராமஃபோன் என்ற ஜெர்மன் நிறுவனம் மேலே ஒரு மஞ்சள் பெயர்ச் சட்டத்தை நிரந்தரமாக வைத்தது; கீழே இசைக்குழு நடத்துநர் கரயான் கண்களை மூடிக்கொண்டார். மஞ்சள் சட்டம் தரத்துக்கு உத்தரவாதம், மூடிய கண்கள் ஆழத்துக்கு உத்தரவாதம். 1987-இல் தொடங்கிய நாக்ஸோஸ் மலிவு விலையில் விற்க வந்ததால் நட்சத்திரங்களுக்கு அங்கே இடமில்லை. வெள்ளை அட்டை, நடுவே உரிமைக்காலம் முடிந்த ஒரு பழைய ஓவியம். பனிமூட்டத்துக்கு மேலே முதுகைக் காட்டி நிற்கும் மனிதனைக் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1818 வாக்கில் வரைந்தார். பல நிறுவனங்களின் ஷூபர்ட், ஷூமன் தட்டுகளில் நின்று நின்று அந்த மனிதனுக்குக் கால் கடுத்திருக்கும்.

அண்மைக் காலத்தில் இந்த வகைமையில் நுழைந்திருக்கும் ஒரு வழக்கத்தை என்னால் சகிக்க முடியவில்லை. நீண்ட மாலைநேர உடையணிந்த இளம் வயலின் கலைஞர் கடற்பாறை மீதோ கோதுமை வயலிலோ நிற்கிறார், காற்று வீசுகிறது. உப்புக் காற்றில் வயலினைத் திறந்து வைக்க அதை வாசிக்கிற யாருக்கும் மனம் வராது. இதைவிட மியூனிக்கின் ஈ.சி.எம். எவ்வளவோ மேல். 1969-இல் மான்ஃப்ரெட் ஐஷர் தொடங்கிய அந்த நிறுவனத்தின் உறைகளில் மங்கிய கடல், வெறிச்சோடிய சாலை, ஒரு கோடு, சின்ன எழுத்து. வாசிப்பவர் முகம் அபூர்வம். அது ஜாஸா செவ்வியலா என்று உறையை வைத்துச் சொல்ல முடியாது, நிறுவனத்தை மட்டும் சொல்லிவிடலாம். வகைமையின் அடையாளத்தைத் துடைத்துவிட்டுத் தன் அடையாளத்தை அங்கே வைத்தது ஒரு நிறுவனம்.

ராக் முகத்தை ஒளித்து வைத்ததற்குக் காரணம் செருக்கு. 1970-இல் பிங்க் ஃபிளாய்டின் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ வந்தபோது முன்னுறையில் ஒரு மாடு. குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை; புல்வெளியில் நின்று திரும்பிப் பார்க்கும் ஒரு பசு மட்டுமே. செய்தவர்கள் ஹிப்னோசிஸ் என்ற பெயரில் இயங்கிய ஸ்டார்ம் தார்கர்ஸனும் ஆப்ரி பவலும். மறு ஆண்டு லெட் செப்பலின் தன் நான்காவது ஆல்பத்தின் உறையில் பெயரை எங்குமே போடவில்லை. எங்களைத் தெரியாதவருக்கு நாங்கள் தேவையில்லை என்பதுதான் சேதி. எட்டு ஒன்பது பேர் கேட்கும் குழுவுக்கு இது தற்கொலை, இவர்களுக்கு விளம்பரம். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ உறையில் நிஜ ஜிப் ஒன்று பொருத்தப்பட்டது. அடுக்கி அனுப்பும்போது ஜிப்பின் பித்தளை அழுத்தித் தட்டுகளே கெட்டுப்போயின. ஜிப்பைப் பாதிவரை இறக்கிவிட்டால் அழுத்தம் தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தின் மீது விழும், பாட்டுக்குச் சேதமில்லை என்று கண்டுபிடித்துச் சமாளித்தார்கள்.

இந்த ஆடம்பரத்துக்குப் பதிலாகத்தான் பங்க் வந்தது. 1977-இல் செக்ஸ் பிஸ்டல்ஸுக்காக ஜேமி ரீட் செய்த உறையில் கண்ணைக் குத்தும் மஞ்சள், இளஞ்சிவப்பு, செய்தித்தாளில் கத்தரித்து ஒட்டிய கடத்தல் கடித எழுத்துகள். கத்தரிக்கோலும் பசையும் வைத்திருக்கும் எவரும் மறுநாளே இதைச் செய்யலாம், செய்தார்கள். 1979-இல் தி கிளாஷ், ‘லண்டன் காலிங்’ உறைக்கு எல்விஸின் 1956 ஆல்பத்திலிருந்து இளஞ்சிவப்பும் பச்சையுமான எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. எல்விஸ் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்த இடத்தில் இங்கே ஒருவர் கிட்டாரைத் தரையில் அறைந்து உடைக்கிறார். அதே ஆண்டு பீட்டர் சாவில், ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பத்துக்கு வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து ஒரு பல்சரின் அலைக்கோடுகளை எடுத்து, வெள்ளையில் கறுப்பாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாகப் புரட்டினார். பெயர் இல்லை. அந்தக் கோடுகள் இன்று சட்டைகளில் உலவுகின்றன. போட்டிருப்பவர்களில் பலர் அது ஒரு விண்மீனின் துடிப்பு என்றும் அறியார், ஒரு பாட்டுக்குழு என்றும் அறியார்.

நாட்டுப்புற அமெரிக்கப் பாடகர்களின் தொப்பி, கிட்டார், மரத்தாழ்வாரம் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. தொப்பி இருக்கிறது, அவ்வளவுதான்.

மெட்டலில்தான் இந்த மொழி முழு இலக்கணமாக வளர்ந்திருக்கிறது. தொடக்கம் 1970: பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம். இங்கிலாந்தில் ஒரு பழைய நீராலை, அதன் முன்னே கறுப்பு அங்கி போர்த்திய ஒரு பெண், அகச்சிவப்புப் படச்சுருள் கொடுத்த நோய்ப்பட்ட நிறங்கள். படமெடுத்தவர் கீத் மெக்மில்லன். 1980-இல் டெரெக் ரிக்ஸ் வரைந்த எடி என்ற பிணமுகத்தான் அயர்ன் மெய்டனின் ஒவ்வொரு ஆல்பத்திலும் வந்து, குழுவினரைவிடப் பிரபலமானான். பிறகு கிளைகள் பிரிந்தன. திராஷ் என்றால் எட் ரெப்கா மெகாடெத்துக்குத் தீட்டியது போன்ற அணுகுண்டுக் காலக் கார்ட்டூன், கூரிய மூலைகள் கொண்ட எழுத்து. டெத் மெட்டல் என்றால் டான் சீகிரேவ் 1989-இல் மார்பிட் ஏஞ்சலுக்கு வரைந்தது போன்ற நுணுக்கமான எண்ணெய்ச் சகதி உலகம், சொட்டும் எழுத்து. நார்வேயின் பிளாக் மெட்டல்காரர்களுக்கு இந்த வண்ணங்களே அருவருப்பு. டார்க்த்ரோன் 1994-இல் ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தை, பலமுறை நகலெடுத்துச் சீரழிந்தது போன்ற கறுப்பு வெள்ளைப் படத்தோடு வெளியிட்டது. ஒலிப்பதிவும் அப்படித்தான் இரைகிறது. மலிவாகத் தெரிய வேண்டும் என்பது இங்கே கொள்கை.

எழுத்தைப் படிக்க முடியாததைப் பற்றிக் கேலி செய்யாதவர்கள் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஸ்பைடல், எம்பரர் குழுவின் சின்னம் உட்பட ஆயிரக்கணக்கான மெட்டல் பெயர்ச்சின்னங்களை வரைந்தவர். இடமும் வலமும் சமச்சீராக, கிளையும் வேருமாக இறங்கும் எழுத்துகள் அவருடையவை. ஒரு நிகழ்ச்சித் துண்டறிக்கையில் இப்படிப் பத்துச் சின்னங்கள் இருந்தால் வெளியாளுக்குப் பத்தும் கறுப்புக் கறைகள். உள்ளே இருப்பவருக்கோ, பெயரைப் படிப்பதற்கு முன்பே, இது பிளாக், இது டெத், இது டூம் என்று தெரிந்துவிடும். பெயரைவிட வகைமையை முதலில் சொல்லும் எழுத்து என்ற வகையில் இது எல்லா எழுத்துருக்களையும் விடத் திறமையானது. படிக்க முடியாதவர் வாங்க வேண்டாம் என்ற அறிவிப்பும் அதிலேயே அடங்கிவிட்டது.

இந்த இலக்கணம் எவ்வளவு இறுகியது என்பதை 2013 காட்டியது. டெஃப்ஹெவன் என்ற அமெரிக்கக் குழு, பிளாக் மெட்டலின் அலறலையும் வேகத்தையும் வைத்துக்கொண்டு ‘சன்பேதர்’ ஆல்பத்தை வெளிர் இளஞ்சிவப்பு உறையில், மெலிந்த நவீன எழுத்தோடு வெளியிட்டது. வெயிலில் கண்ணை மூடினால் இமைக்குள் தெரியும் நிறமாம். இசையைப் பற்றிய சண்டைக்குச் சற்றும் குறையாமல் அந்த இளஞ்சிவப்பைப் பற்றிய சண்டையும் நடந்தது. உறையில் கறுப்பு வெள்ளைக் காடு ஒன்று இருந்திருந்தால் முணுமுணுத்தவர்களில் பாதிப் பேர் அமைதியாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒரு திருட்டு எப்படி மரபாகிறது என்று பார்க்க ஹிப்-ஹாப் போதும். 1994 ஏப்ரலில் நாஸ் என்ற ராப் பாடகர் தன் ‘இல்மாட்டிக்’ உறையில் தான் வளர்ந்த குடியிருப்பின் மீது தன் சிறுவயது முகத்தை ஏற்றி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் ‘ரெடி டு டை’ வெள்ளைப் பின்னணியில் ஒரு குழந்தையோடு வந்தது. மறு ஆண்டு வெளியான ரேக்வானின் ஆல்பத்தில் இதைக் காப்பி என்று இகழும் ஓர் உரையாடலே இருக்கிறது. 2008-இல் லில் வெயின் தன் குழந்தைப் பருவப் படத்தைப் போட்டபோது யாரும் திருட்டு என்று சொல்லவில்லை, மரியாதை என்றார்கள். இடையில் பதினான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஹூஸ்டனில் 1992-இல் பிராக் சகோதரர்கள் தொடங்கிய பென் அண்ட் பிக்சல் நிறுவனம் இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. வைரம் பதித்த எழுத்துகள், மாளிகை, கார் வரிசை, தீ, கட்டுக்கட்டாகப் பணம், எல்லாம் ஃபோட்டோஷாப்பில் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டவை. அமெரிக்கத் தென்பகுதி ராப்புக்கு அதுதான் முகமாயிற்று. அழகுணர்ச்சி இல்லை என்று அப்போது வடிவமைப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் கலைஞர்களில் பலர் அதுவரை பெரிய நிறுவனங்களின் வாசலையே மிதிக்காதவர்கள். இன்னும் வராத செல்வத்தை உறையில் முன்கூட்டியே வரவு வைத்துக்கொண்டார்கள். இதில் சுளிக்க என்ன இருக்கிறது? கீழ் மூலையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளை எச்சரிக்கைச் சீட்டும் இந்த வகைமையின் குறியாகவே மாறியது. 1985-இல் அமெரிக்க அரசியல்வாதிகளின் மனைவியர் சிலர் நடத்திய போராட்டத்தின் விளைவு அது. 1990-இல் ஒரே வடிவம் பெற்றது. பெற்றோரை எச்சரிக்க வைத்த பலகை, பிள்ளைகளுக்கு அழைப்பிதழாக வேலை செய்தது.

டெக்னோ இந்த ஆட்டத்தையே கலைத்துவிட்டது. நடனக்கூடத்துக்கான பன்னிரண்டு அங்குலத் தட்டுகள் பலவற்றுக்கு உறை என்பது நடுவில் ஓட்டை போட்ட பொதுவான காகித அட்டை. சிலவற்றில் தட்டின் நடுச்சீட்டும் வெற்றுக் காகிதம். முத்திரை ஒன்று இருந்தால் அதிகம். தட்டுப் போடுபவருக்கு அது என்ன பாட்டு என்று தெரியும், ஆடுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வெறுமையும் ஒரு குறியாகி, பின்னர் ஆயிரம் பிரதி அச்சிட வசதியுள்ளவர்களும் வேண்டுமென்றே முத்திரை குத்தத் தொடங்கினார்கள்.

குறுவட்டு 1982-இல் வந்து சதுரத்தைப் பன்னிரண்டு சென்டிமீட்டராகக் குறைத்தபோது உறைக்கலை செத்தது என்று அழுதவர்கள், கைப்பேசித் திரையில் அது நகக்கண் அளவாகும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அளவு சுருங்கியும் மரபுகள் சாகவில்லை. சத்தம் போடக் கற்றுக்கொண்டன. இணையத்திலேயே பிறந்த வேப்பர்வேவ் இதற்கு நல்ல சாட்சி. 2011-இல் வந்த ‘ஃப்ளோரல் ஷாப்’ ஆல்பத்தின் உறையில் இளஞ்சிவப்புப் பின்னணி, கிரேக்கச் சிலையின் தலை, கட்டம் போட்ட தரை, ஜப்பானிய எழுத்து. அந்த இசையை ஒரு முறையும் கேட்காதவர்கள் அந்தத் தோற்றத்தை ஆயிரக்கணக்கில் நகல் செய்தார்கள். வகைமைக்கு உறை துணையாக இருந்தது போய், உறைக்கு வகைமை துணையாயிற்று.

2024-இல் சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ வந்தது. எரிச்சலூட்டும் பச்சை, நடுவில் கொஞ்சம் மங்கலான, மிகச் சாதாரண எழுத்தில் ஒரே சொல். பெண் பாப் பாடகரின் உறையில் அவர் முகம் இருந்தே தீர வேண்டும் என்ற பழைய விதியை அது மீறியது என்று பாராட்டினார்கள். நியாயம்தான். ஆனால் நகக்கண் அளவில் எந்த முகமும் முகமாகத் தெரிவதில்லை, பச்சை மட்டும் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அச்சகத்தில் முழு வண்ணத்துக்குப் பணமில்லாமல் ரீட் மைல்ஸ் செய்ததைத் திரையில் இடமில்லாமல் இவர்கள் செய்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை மிச்சம். எல்.பி. தட்டுகள் திரும்பி வந்துவிட்டதால் அந்த ஆல்பமும் 31 சென்டிமீட்டர் அட்டையில் விற்கிறது. சின்னத் திரையில் மங்கலாகத் தெரிந்த அந்தச் சொல், பெரிய அட்டையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் மங்கலாகவே இருக்கிறது. சுற்றிலும் ஓரம்வரை வெறும் பச்சை.